புதிய கடல் மீன் இனம்: பிடிபட்ட நாளும் பெயர் பெற்ற நாளும்

"புதிய மீன் இனம் கண்டுபிடிப்பு" என்று தலைப்பு பரபரப்பாக இருக்கும். நாலாவது பத்திக்கு வந்தால், அந்த மீன் பல ஆண்டுகளுக்கு முன்பே வலையில் சிக்கியது என்றும், இத்தனை காலம் ஓர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக் குடுவையில் கிடந்தது என்றும் எழுதியிருக்கும். சில செய்திகளில், அந்தக் கரையோர மீனவர்கள் அதைப் பிடித்து விற்றுவருவதாகவும் ஒரு வரி வரும். பிடித்தாயிற்று, விற்றாயிற்று, தின்றும் ஆயிற்று. பிறகு எதைக் கண்டுபிடித்தார்கள் என்று வாசகர் கேட்பது நியாயம்தான். குழப்பத்துக்குக் காரணம் "கண்டுபிடிப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு வேலைகளை அடைத்துவிடுவதுதான். மீன் கிடைப்பது ஒன்று. அது புதியது என்று நிறுவுவது வேறொன்று. முதல் வேலை ஒரு நிமிடத்தில் முடியலாம். இரண்டாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

எது புதிது?

மீன் புதிதல்ல. மனிதன் கடலில் இறங்குவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது அங்கே இருக்கிறது. புதிதாக வந்திருப்பது ஒரு பெயரும், அந்தப் பெயருக்கு ஆதாரமான ஒரு வாதமும். "இதுவரை அறிவியல் பெயர் பெற்ற எந்த மீனும் இது அல்ல" என்பதே அந்த வாதம். இதில் இருக்கும் "எந்த மீனும்" என்ற சொல்தான் வேலையை நீட்டுகிறது. ஒன்று இருக்கிறது என்று காட்ட அதைக் கொண்டுவந்து காட்டினால் போதும். மற்ற எதுவும் அல்ல என்று காட்ட, மற்ற எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

அந்த "மற்ற எல்லாம்" எவ்வளவு? கலிபோர்னியா அறிவியல் அகாதமி பராமரிக்கும் மீன் பெயர்ப் பட்டியலில், நன்னீரும் கடலும் சேர்த்து 36,000க்கு மேற்பட்ட மீன் இனங்கள் ஏற்கத்தக்கவையாக உள்ளன. ஆனால் மீன்களுக்கு இதுவரை சூட்டப்பட்ட பெயர்கள் 60,000ஐத் தாண்டும். ஒரே மீனுக்கு நாலைந்து பேர் தனித்தனியாகப் பெயர் வைத்ததன் விளைவு இது.

இனி வரப்போகும் சில சொற்களை இங்கேயே பார்த்துவிடலாம்.

1. சிற்றினம்: செய்திகளில் "இனம்" என்று வருவது இதுதான். தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்துகொண்டு, மற்ற கூட்டங்களிலிருந்து பிரிந்து நிற்கும் உயிரிகளின் தொகுதி. புத்தகத்தில் எளிதாகத் தெரியும் இந்த வரையறையை ஆழ்கடல் மீனிடம் சோதித்துப் பார்க்க யாராலும் முடியாது. அதனால் உடலமைப்பையும் மரபணுவையும் வைத்து ஊகிக்கிறார்கள்.

2. பேரினம்: நெருங்கிய சிற்றினங்களை உள்ளடக்கிய தொகுதி. அறிவியல் பெயரின் முதல் பாதி பேரினத்தையும், இரண்டும் சேர்ந்து சிற்றினத்தையும் குறிக்கும். அட்லாண்டிக் காட் மீனின் பெயர் காடஸ் மோர்ஹுவா. இதில் காடஸ் பேரினம்.

3. வகைமாதிரி: ஒரு பெயர் எந்த உடலுக்குச் சூட்டப்பட்டதோ அந்த உடல். அப்படி ஒரே ஒரு மீனைக் குறித்து வைத்தால் அதற்கு ஹோலோடைப் என்று பெயர். கூடவே ஆராய்ந்த மற்ற மீன்கள் பாராடைப்.

4. இனவிவரணம்: பெயரையும், அடையாளக் குறிகளையும், ஹோலோடைப் இருக்கும் இடத்தையும் முறைப்படி அறிவிக்கும் ஆய்வுக் கட்டுரை. சட்டப்படி ஒரு மீன் "புதிய இனம்" ஆவது இது வெளியாகும் நாளில்தான்.

புதிய மீன்கள் வரும் வழிகள்

யாரும் கண்ணால் கண்டிராத மீன் கிடைப்பதுண்டு. 1976 நவம்பரில் ஹவாயின் ஒவாஹு தீவுக்கு அப்பால், அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றின் கடல் நங்கூரத்தில் (நீரில் குடைபோல் விரிந்து கப்பலின் நகர்வைக் குறைப்பது) நாலரை மீட்டர் நீளமுள்ள ஒரு சுறா சிக்கிக்கொண்டது. அகன்ற வாய், தடித்த உதடு, மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் அமைப்பு. அப்படி ஒரு சுறா இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. பெருவாய்ச் சுறா எனப்படும் அதற்குப் பேரினம், குடும்பம் எல்லாமே புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. அவ்வளவு அப்பட்டமாகப் புதிய மீனுக்கே பெயர் வர 1983 ஆயிற்று.

ஆனால் இது அபூர்வம். பெரும்பாலான புதிய மீன்கள் ஏற்கனவே கையில் இருந்தவைதான். ஆஸ்திரேலியாவின் தென்கரையில் வாழும் கடல்நாகக் குதிரைகளை எடுத்துக்கொள்வோம். கடற்குதிரையின் உறவினங்களான இவற்றில் இரண்டு இனங்கள்தான் உண்டு என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நம்பியிருந்தார்கள். அவற்றின் திசுக்களை வைத்து நடந்த ஒரு மரபணு ஆய்வில், ஒரு திசுத் துண்டு மட்டும் எதனுடனும் ஒட்டவில்லை. அது எந்த உடலிலிருந்து வந்தது என்று தேடிப் போனால், 2007இல் இழுவலையில் 50 மீட்டர் ஆழத்தில் கிடைத்து மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட ஒரு மீன். பிறகு அதே அருங்காட்சியகத்தில், 1919இல் பெர்த் நகரக் கடற்கரையில் ஒதுங்கிய இன்னொன்றும் அதே இனம்தான் என்று தெரிந்தது. சிவந்த நிறமுள்ள இந்த மூன்றாவது இனத்துக்கு 2015இல் பெயர் வந்தது. உயிரோடு அது நீந்துவதைப் படம்பிடித்தது அதற்கும் பிறகுதான்.

இது விதிவிலக்கு அல்ல. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, எல்லா வகை உயிரினங்களையும் சேர்த்துப் பார்த்து, மாதிரி சேகரிக்கப்பட்டதற்கும் இனவிவரணம் வெளியாவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் ஆவதாகக் கணக்கிட்டது. வகைப்பாட்டியல் நிபுணர்கள் குறைவு, குடுவைகள் அதிகம். சோம்பலைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒற்றை மாதிரியை வைத்துக்கொண்டு அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் கீழே வருகின்றன.

மூன்றாவது வழி, ஒரே இனம் என்று நினைத்தது இரண்டாக, மூன்றாகப் பிரிவது. மீன்பிடித் தொழிலையும் பாதுகாப்புச் சட்டங்களையும் அதிகம் பாதிப்பது இதுதான். அதைக் கடைசியில் பார்ப்போம்.

மேசைக்கு வந்த மீன்

ஒரு மீன் வித்தியாசமாகத் தெரிகிறது என்றால், முதல் சில மணி நேரத்தில் செய்வதைப் பொறுத்தே அது பின்னாளில் ஆதாரமாகுமா ஆகாதா என்பது தீர்மானமாகும். வரிசை முக்கியம்.

1. முதலில் நிறம். செத்த மீனின் நிறம் கண்ணெதிரே மாறும். துடுப்புகளை விரித்து ஊசிகளால் நிறுத்தி, அவற்றின் அடியில் தூரிகையால் ஃபார்மலின் தடவினால் சில நிமிடங்களில் விறைத்து நிற்கும். அந்த நிலையில் படம் எடுப்பார்கள். மீனின் தலை இடப்பக்கம் பார்த்திருக்கும். அதாவது எப்போதும் இடது விலா படத்தில் தெரியும். உலகெங்கும் இதே வழக்கம் என்பதால் நூறு ஆண்டு பழைய ஓவியத்தையும் நேற்று எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது.

2. அடுத்து திசு. இடப்பக்கம் படத்துக்கு என்பதால் வலப்பக்கத்திலிருந்து ஒரு சிறு தசைத் துண்டு அல்லது துடுப்பின் நுனியை வெட்டி, 95 விழுக்காடு எத்தனாலில் போடுவார்கள். இது ஃபார்மலினில் முழு மீனையும் இறக்குவதற்கு முன்பே நடக்க வேண்டும். ஃபார்மலின் உடலைக் காக்கும், டி.என்.ஏ.வைச் சிதைக்கும்.

3. பிறகு பதப்படுத்தல். 10 விழுக்காடு ஃபார்மலினில் சில நாட்கள், பெரிய மீன் என்றால் வயிற்றுக்குள் ஊசி வழியாகவும் செலுத்துவார்கள். பின் நீரில் அலசி, 70 விழுக்காடு எத்தனாலுக்கு நிரந்தரமாக மாற்றுவார்கள். சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் கரைந்துபோகும். கறுப்பும் பழுப்பும் தங்கும். அருங்காட்சியக மீன்கள் எல்லாம் வைக்கோல் நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். முதல் நாள் படம் இல்லாவிட்டால் நிறத்தை வைத்து இனம் பிரிக்கும் வழி அத்தோடு அடைபட்டது.

4. எண்ணிட்ட சீட்டு. எங்கே, எந்த ஆழத்தில், எந்த நாளில், எந்த வலையில் கிடைத்தது என்ற விவரம் இல்லாத மீன், எவ்வளவு அழகாகப் பதப்படுத்தினாலும் பாதி மதிப்புதான்.

எண்ணுவதும் அளப்பதும்

மீன் வகைப்பாட்டின் அன்றாட வேலை எண்ணிக்கைதான். முதுகுத் துடுப்பில் கூர்முட்கள் எத்தனை, மென்கதிர்கள் எத்தனை; குதத் துடுப்பில் எத்தனை; மார்புத் துடுப்பில் எத்தனை; உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக் கோடான பக்கக்கோட்டில் துளையுள்ள செதில்கள் எத்தனை; முதல் செவுள் வளைவில் சீப்புப் பற்கள் போல நிற்கும் நீட்சிகள் மேல் பகுதியில் எத்தனை, கீழ்ப் பகுதியில் எத்தனை. முட்களை ரோமன் எண்ணிலும் கதிர்களைச் சாதாரண எண்ணிலும் எழுதுவது மரபு. முதுகெலும்புகளை எண்ண எக்ஸ்ரே எடுப்பார்கள். உடலை வெட்டக் கூடாத அரிய மாதிரி என்றால் சி.டி. ஸ்கேன். சிவந்த கடல்நாகத்தின் எலும்புக்கூட்டை அப்படித்தான் கணினியில் கட்டி எழுப்பினார்கள்.

அளவுகளில் முதன்மையானது, மூக்கு நுனியிலிருந்து வாலெலும்பு முடியும் இடம் வரையிலான நீளம். வால் துடுப்பைச் சேர்ப்பதில்லை. பிடிபடும்போது கிழிவது பெரும்பாலும் அதுதான். தலை நீளம், கண்ணின் குறுக்களவு, உடல் உயரம் ஆகிய எல்லாவற்றையும் இந்த நீளத்தின் விழுக்காடாக மாற்றினால்தான் 5 செ.மீ. குஞ்சையும் 20 செ.மீ. வளர்ந்ததையும் ஒரே அட்டவணையில் வைக்கலாம். அதிலும் எச்சரிக்கை வேண்டும். குஞ்சுக்குக் கண் பெரிதாகவும் தலை நீண்டும் இருக்கும். வளர வளர விகிதம் மாறும்.

எண்களும் கூடப் புனிதமானவை அல்ல. குளிர்ந்த நீரில் வளர்ந்த மீனுக்கு முதுகெலும்புகள் சற்று அதிகமாக இருப்பது நெடுநாளாகத் தெரிந்த போக்கு. வடக்கே 26, தெற்கே 25 என்று ஒரு வேறுபாடு கிடைத்தால் அது இரண்டு இனமாகவும் இருக்கலாம், இரண்டு வெப்பநிலையாகவும் இருக்கலாம். ஒரே குறியை வைத்துப் பெயர் சூட்டுவதைவிட, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று குறிகள் சேர்ந்து ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பார்ப்பதே நம்பகமான வழி.

ஏமாற்றும் உடல்கள்

மீன்கள் வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப ஆளே மாறிவிடுபவை. கிளிமீன்கள் இளமையில் ஒரு நிறம், பெண்ணாக இருக்கையில் ஒரு நிறம், பெண்ணிலிருந்து ஆணாக மாறியபின் இன்னொரு நிறம். பழைய ஆய்வாளர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். நூறு இனங்கள்கூடத் தேறாத அந்தக் கூட்டத்துக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்துபோயின.

இதன் உச்சம் ஆழ்கடலில் நிகழ்ந்தது. நீண்ட நாடா போன்ற வாலுடன் மேல்மட்ட நீரில் வாழும் குட்டி மீன்கள், பெரிய மூக்கறை கொண்ட சிறு மீன்கள், பெரிய வாயுடன் ஆழத்தில் திரியும் திமிங்கல மீன்கள் என மூன்றும் மூன்று தனிக் குடும்பங்களாகப் பாடநூல்களில் இருந்தன. முதல் கூட்டத்தில் வளர்ந்த மீனே கிடைத்ததில்லை. இரண்டாவதில் கிடைத்தவை எல்லாம் ஆண். மூன்றாவதில் எல்லாம் பெண். 2009இல் மரபணுவையும் உடற்கூறையும் சேர்த்துப் பார்த்தபோது மூன்றும் ஒரே குடும்பம் என்று தெளிவானது: முதலாவது இளம் பருவம், இரண்டாவது ஆண், மூன்றாவது பெண். சந்தேகப்படப் போதுமான தடயம் பல ஆண்டுகளாகக் கண்முன்னே இருந்தும், உருவம் அவ்வளவு மாறுபட்டதால் யாரும் துணியவில்லை.

காயமும் ஏமாற்றும். 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கிழக்கு லண்டன் துறைமுகத்தில், அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் கண்டெடுத்த, பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோனதாகக் கருதப்பட்ட சீலகாந்த் மீனின் கதை பலருக்குத் தெரியும். அதற்கு லாட்டிமேரியா என்று பெயரிட்டவர் ஜே. எல். பி. ஸ்மித். அடுத்த சீலகாந்த் கிடைக்க 14 ஆண்டுகள் ஆயிற்று. 1952இல் கொமோரோ தீவுகளில் கிடைத்த அந்த மீனுக்கு முதல் முதுகுத் துடுப்பு இல்லை. அவ்வளவு பெரிய வித்தியாசம் வேறொரு பேரினத்துக்கே உரியது என்று கருதி, ஸ்மித் அதற்கு மலானியா என்று புதுப் பெயர் கொடுத்தார். அந்த மீனை எடுத்துவர ராணுவ விமானம் தந்த தென்னாப்பிரிக்கப் பிரதமர் மலானின் நினைவாக வைத்த பெயர் அது. பின்னர் அடுத்தடுத்து மீன்கள் கிடைத்தபோது, அந்த ஒரு மீனில் துடுப்பு இல்லாதது தனிப்பட்ட ஊனம்தான் என்று தெரிந்து, மலானியா என்ற பெயர் பழைய பெயருக்குள் கரைந்தது. ஸ்மித் தன் காலத்தின் தேர்ந்த மீனியலாளர். ஒற்றை மாதிரியின் முன் தேர்ச்சியும் துணைக்கு வராது.

டி.என்.ஏ. எதைத் தீர்க்கும்?

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் 2003இல் முன்வைத்த யோசனை எளியது. எல்லா விலங்குகளிலும் உள்ள ஒரே மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் ஒரே பகுதியை, சுமார் 650 எழுத்துகள், படித்துவைத்தால் அதுவே இனத்தின் அடையாளக் கோடு ஆகும். இதுதான் டி.என்.ஏ. பார்கோடிங். 2005இல் ஆஸ்திரேலியாவின் 207 மீன் இனங்களில் இதைச் சோதித்தார்கள். ஒரே இனத்துக்குள் சராசரி வேறுபாடு 0.39 விழுக்காடு, ஒரே பேரினத்தின் வெவ்வேறு இனங்களுக்கிடையே 9.93 விழுக்காடு. இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால், வெட்டி விற்கும் மீன் துண்டுக்கும், முட்டைக்கும், உருத்தெரியாத குஞ்சுக்கும் கூடப் பெயர் சொல்லிவிடலாம்.

வெதுவெதுப்பான கரையோர நீரில் வாழும் போன்ஃபிஷ் எனப்படும் வெள்ளி நிற மீனை நெடுங்காலம் உலகம் முழுக்க ஒரே இனம் என்றே எண்ணியிருந்தார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்று. 2001இல் மரபணுவைப் பார்த்தபோது, பல பத்து லட்சம் ஆண்டுகளாகப் பிரிந்து நிற்கும் எட்டுக் கிளைகள் தெரிந்தன. தோற்றம் மறைத்ததை மரபணு காட்டிக்கொடுத்த இடம் இது.

இதற்கு நேர் எதிரானது கரீபியக் கடலின் ஹாம்லெட் மீன்கள். ஒன்று கருநீலம், ஒன்று மஞ்சள், ஒன்று வரிவரியாக. பவளப்பாறையில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும் பெரும்பாலும் தன் நிறத்தோடுதான் கூடும். ஆனால் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை வைத்துப் பார்த்தால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கவே முடியாது. பிரிவு மிக அண்மையில் நிகழ்ந்தது, கலப்பும் ஓரளவு தொடர்கிறது.

ஆகவே "டி.என்.ஏ. சோதனையில் புதிய இனம் என்று உறுதியானது" என்ற செய்தி வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டும் வருவது. கலப்பினத்தில் தாயின் பெயரை மட்டுமே சொல்லும். இத்தனை விழுக்காடு வேறுபாடு வந்தால் வேறு இனம் என்று எல்லா மீன்களுக்கும் பொருந்தும் கோடும் கிடையாது. ஒப்பிட வேண்டிய இனத்தின் வரிசை தரவுத்தளத்தில் இல்லாமலோ, தவறான பெயரில் பதிவாகியோ இருந்தால் "எதனோடும் பொருந்தவில்லை" என்ற முடிவுக்கு மதிப்பே இல்லை. மரபணு நல்ல சந்தேகத்தைத் தரும். அந்தச் சந்தேகத்தை உடலில் தேடிச் சரிபார்ப்பது மனிதர் வேலை.

பழைய பெயர்களின் காடு

வாசகருக்கு அதிகம் தெரியாத, ஆனால் அதிக நேரம் பிடிக்கும் வேலை இது. உங்கள் மீன் இன்று வழக்கில் உள்ள எந்த இனமும் அல்ல என்று காட்டினால் மட்டும் போதாது. 1800களில் யாரோ மூன்று வரியில் விவரித்து, பிறகு எல்லோரும் மறந்துபோன ஒரு பெயர் இதே மீனுக்குரியதாக இருக்கலாம். அப்படியானால் அந்தப் பெயருக்கே முன்னுரிமை. உங்களுடையது புதிய இனம் அல்ல, பழைய இனத்தின் மீட்பு.

கதிரவ மீன்களில் இரண்டுமே நடந்தது. டன் கணக்கில் எடையுள்ள, வாலறுந்தது போன்ற வடிவுள்ள இந்த மீனை அருங்காட்சியகத்தில் வைப்பதே பெரும்பாடு என்பதால் ஒப்பிட மாதிரிகள் குறைவு. 2009இல் ஒரு ஜப்பானிய மரபணு ஆய்வு, பெயர் தெரியாத ஒரு கிளை இருப்பதைக் காட்டியது. டென்மார்க்கில் பிறந்த ஆய்வாளர் மரியான் நைகார்ட் அந்த மீனின் உருவத்தைத் தேடினார். மீன்பிடிக் கப்பல்களில் இருந்த பார்வையாளர்கள் அனுப்பிய தோல் துண்டுகளில் மரபணு இருந்தது, உடல் இல்லை. 2014இல் நியூசிலாந்தின் தென்தீவில் ஒரே கரையில் நான்கு மீன்கள் ஒதுங்கியபோதுதான் உடல் கிடைத்தது. வளர்ந்த பின்னும் முகம் புடைக்காமல், தாடை வீங்காமல், மெலிந்த உடலோடு இருந்த அதற்கு 2017இல் மோலா டெக்டா என்று பெயர் வந்தது. கதிரவ மீன்களில் 130 ஆண்டுகளுக்குப் பின் வந்த புதிய இனம்.

ஏறக்குறைய அதே சமயத்தில், அதே ஆய்வாளர்களில் சிலர் மற்றொரு பெரிய கதிரவ மீனின் பெயரைச் சரிபார்க்கப் பழைய நூல்களைப் புரட்டினார்கள். 1839இல் ரன்சானி என்ற இத்தாலியர் ஒரு மீனைப் பாடம் செய்து வைத்து மோலா அலெக்சாந்திரினி என்ற பெயருக்கு மூலமாக்கியிருந்தார். அந்த உடல் இத்தாலியின் பொலோனியாவில் இன்னமும் இருந்தது. அதைப் பார்த்ததும் முடிவு சுலபமாயிற்று. மோலா ராம்சேயி என்று பலரும் அழைத்துவந்த மீனின் மூத்த பெயர் இதுதான். ராம்சேயி விலக வேண்டியதாயிற்று. பெயரைத் தாங்கும் உடலை ஏன் காக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

மூல உடலே குறையாக இருந்தால் சிக்கல் வேறு மாதிரி. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் கிடைத்த ஒரே ஒரு இளம் மீனை வைத்து 1983இல் சிர்ரிலாப்ரஸ் ரூப்ரிஸ்குவாமிஸ் என்ற பெயர் வெளியானது. சுமார் 1,000 கி.மீ. வடக்கே மாலத்தீவில் 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில் வாழ்ந்த வளர்ந்த மீன்களையும் அதே பெயரில் வைத்துவிட்டார்கள். குஞ்சையும் வளர்ந்ததையும் ஒப்பிட வழியில்லை. இரு இடத்திலிருந்தும் மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்த பின், மாலத்தீவு மீன் 2022இல் சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா ஆனது. மாலத்தீவு ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து பெயரிட்ட முதல் மீன் அது. அதற்குள் அது அலங்கார மீன் சந்தையில் விற்பனையில் இருந்தது.

பெயர் செல்லுபடியாக என்ன வேண்டும்?

விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு ஆணையம் வகுத்த விதிகள் இதை முடிவு செய்கின்றன. தொடக்கப் புள்ளி 1758, ஜனவரி 1. இரு சொல் பெயரிடலை நிலைநாட்டிய லின்னேயஸின் "சிஸ்டெமா நேச்சுரே" நூலின் 10ஆம் பதிப்புக்கு முந்தைய பெயர்கள் கணக்கில் வரா.

1. பெயர் பொதுவில் வெளியாக வேண்டும். 2012 முதல் மின்னிதழில் மட்டும் வருவதும் செல்லும், ஆனால் ஸூபேங்க் என்னும் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். செய்தியாளர் சந்திப்பிலும் சமூக ஊடகத்திலும் சொல்வது செல்லாது.

2. மற்ற இனங்களிலிருந்து பிரித்துக்காட்டும் குறிகளைச் சொற்களில் எழுத வேண்டும். படம் மட்டும் போதாது.

3. 2000 முதல், வகைமாதிரி எது, அது எந்தத் தொகுப்பில் உள்ளது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

4. அதே பேரினத்தில் அதே பெயர் வேறொன்றுக்கு இருக்கக் கூடாது. ஒரு மீனுக்கு இரு பெயர் என்றால் முந்தியது நிற்கும்.

பெயருக்குப் பின் ஆய்வாளர் பெயரும் ஆண்டும் வரும். அவை அடைப்புக்குறிக்குள் இருந்தால், பின்னாளில் அந்த இனம் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டது என்று பொருள். வெள்ளைச் சுறாவுக்கு லின்னேயஸ் 1758 என்பது அடைப்புக்குறிக்குள் வருவது அதனால்தான். அவர் அதை ஸ்குவாலஸ் பேரினத்தில் வைத்திருந்தார்.

விதிகள் கேட்காதவற்றையும் கவனிக்க வேண்டும். டி.என்.ஏ. கட்டாயமில்லை. சக ஆய்வாளர் மதிப்பீடும் கட்டாயமில்லை. யார் மீனைக் கண்டெடுத்தார் என்பதைப் பற்றியும் விதிகளுக்கு அக்கறை இல்லை. 1997இல் இந்தோனேசியாவின் மனாடோ நகரச் சந்தையில் மார்க் எர்ட்மனும் அவர் மனைவியும் ஒரு சீலகாந்த்தைப் பார்த்தார்கள். 1998 ஜூலையில் ஒரு மாதிரியும் கிடைத்தது. அந்தச் செய்தியை வெளியிட்ட எர்ட்மன் குழு அதற்குப் பெயர் சூட்டவில்லை. 1999இல் வேறொரு பிரெஞ்சு-இந்தோனேசியக் குழு, மரபணு வேறுபாட்டை முன்வைத்து, லாட்டிமேரியா மெனாடோயென்சிஸ் என்று பெயரிட்டு முந்திக்கொண்டது. நாகரிகம் குறித்துப் பெரும் சர்ச்சை எழுந்தது. பெயர் மட்டும் அசையவில்லை. விதிப்படி அது செல்லும்.

பெயர் வந்த பிறகு

இனவிவரணம் தீர்ப்பு அல்ல. அது ஒரு கருதுகோள். அடுத்த மாதிரியோ அடுத்த ஆய்வோ அதைக் கவிழ்க்கலாம். ஆனாலும் நடைமுறை விளைவுகள் உடனே தொடங்கிவிடும், ஏனென்றால் பிடிப்புப் புள்ளிவிவரம், பாதுகாப்புப் பட்டியல், வணிகக் கட்டுப்பாடு எல்லாமே பெயரின் மேல்தான் நிற்கின்றன. பெயர் இல்லாத மீனைத் தனியாக எண்ண முடியாது.

வடகிழக்கு அட்லாண்டிக்கின் சாதாரண ஸ்கேட் திருக்கையில் நடந்தது இதை நன்றாகக் காட்டும். 1920களில் ஓர் ஆய்வாளர் அதன் சிறிய, பெரிய இரண்டு வடிவங்களையும் ஒரே இனமாகச் சேர்த்துவிட்டார். அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கு மேல் துறைமுகங்களில் இரண்டும் ஒரே பெயரில் எடை போடப்பட்டன. 2010இல் மீண்டும் பிரித்துப் பார்த்தபோது, சிறிய இனத்தின் பெண் ஏறத்தாழ 120 செ.மீ. நீளத்தில் முதிர்ச்சி அடைவதும், பெரிய இனத்தின் பெண்ணுக்கு அதற்கு ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வேண்டியிருப்பதும் தெரிந்தது. முட்டையிடும் வயதை எட்டுமுன்பே வலையில் மாட்டும் வாய்ப்பு பெரியதற்குத்தான் அதிகம். கூட்டுக் கணக்கில் சிறியது இருப்பதே பெரியது அழிவதை மறைத்துவிட்டது. பழைய பிடிப்புப் பதிவேடுகளில் எந்த எடை எந்த இனத்துடையது என்று இனிப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

ராட்சத மாண்டா திருக்கைகளிலும் இப்போது இதே கணக்குதான். 2009 வரை உலகம் முழுக்க ஒரே இனம். அந்த ஆண்டில் அது இரண்டானது. அட்லாண்டிக்கில் மூன்றாவது ஒன்று இருக்கலாம் என்று அதே ஆய்வு ஐயம் தெரிவித்திருந்தது. அந்த ஐயம் உடல் அளவுகளாலும் நிறக் குறிகளாலும் மரபணுவாலும் நிரம்பி, மொபுலா யாரே என்ற பெயராக வெளிவந்தது 2025இல்தான். அட்லாண்டிக் கரைகளில் இதுவரை "ராட்சத மாண்டா" என்று எழுதிவைத்த ஒவ்வொரு பதிவையும், படம் இருக்கும்வரை, அதன் வயிற்றுப் புள்ளிகளையும் தோள் திட்டுகளையும் பார்த்து மறுபடி பிரிக்க வேண்டும். படம் இல்லாத பதிவுகள் இரண்டு இனங்களில் எதற்கும் சேராமல் நிற்கும்.